நுஸைபா கண் வரைந்த முகம்

நுஸைபா வரைந்த புலி முகம் சோப்பும் தண்ணீரும் பட்டால் ஐந்து நிமிஷத்தில் போய்விடும். புலி போக மட்டும் இரண்டு மூன்று நாள் ஆகும். காஜிமார் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம்தான், பிறந்தநாள் விழாவுக்கு அவளைக் கூப்பிட்டவர்கள் தெரிந்தே கூப்பிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் புலி போட்டுக்கொண்ட பிள்ளை ஞாயிறு முழுக்கக் கட்டிலுக்கு அடியில் படுத்து உறுமும், திங்கட்கிழமை காலையில் ஸ்கூல் வேன் டிரைவரை ஒரு கடி கடிக்கும், செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்காததுபோல வாய்ப்பாடு ஒப்பிக்கும். முயல் போட்டால் வீட்டுக்குச் செலவு குறைவு. மயில் போட்ட பிள்ளைகள் மேகம் கூடினால் மொட்டைமாடிக்கு ஓடிவிடும் என்பதால், அடைமழை மாதங்களில் மயில் வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுவாள். அண்ணாநகரில் ஒரு டாக்டர் வீட்டில் ஆமை போட்டுக்கொண்ட பையன், கழுவிய பிறகும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டே இருந்தான். அதற்காக யாரும் அவள்மேல் கோபித்துக்கொண்டதில்லை. வாங்கிய பொருள் கொஞ்ச நாள் உழைத்தால் மதுரைக்காரர்களுக்குத் திருப்திதான்.

ஆரம்பித்தது என்னவோ சும்மாதான். அவள் கணவன் பரீத் தெற்கு வாசல் பக்கம் வளையல், கிளிப், ரிப்பன் விற்கும் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தான். கொரோனா ஓய்ந்து கடைகள் திறந்த வருஷம், சென்னையிலிருந்து வந்த சரக்கு மூட்டைக்குள் யாரும் கேட்காத ஒரு டப்பா கிடந்தது. ஆறு நிறம், இரண்டு பிரஷ், ஒரு ஸ்பாஞ்சு, மூடியில் பூனை மீசையோடு சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. மூஞ்சியில் பூச மஞ்சளும் பவுடரும் இருக்கும்போது இது எதற்கு என்று ஊர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீணாய்ப் போகிறதே என்று பரீத் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். நுஸைபா போனில் வீடியோ பார்த்துப் பழகினாள். சாயம் அரிக்கிறதா என்று மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் காத்திருந்தாள். ஸ்பாஞ்சில் தண்ணீர் கூடினால் நிறம் ஒழுகும், குறைந்தால் திட்டுத்திட்டாக நிற்கும். வெளிர் நிறத்தைப் பூசிக் காயவிட்ட பிறகுதான் கறுப்பைத் தொடவேண்டும். பிள்ளைகள் நக்கிவிடும் என்பதால் வாய் ஓரத்தைக் கடைசிக்கு வைக்கவேண்டும். இதெல்லாம் தன் முழங்கையிலும் பரீத்தின் முதுகிலும் தப்புத்தப்பாக வரைந்து தெரிந்துகொண்டதுதான். தொழுமுன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் தோலில் படவேண்டும் என்பதால், தண்ணீரில் கரையும் சாயத்தைத் தவிர வேறெதையும் அவள் வாங்கியதில்லை.

முதல் முகம் அவள் மகள் ஆயிஷா சித்திகாவுடையது. கன்னத்தில் சின்னதாக ஒரு சூரியகாந்தி. அன்று பகல் முழுக்கப் பிள்ளை ஜன்னலோரமே உட்கார்ந்து, வெயில் நகர நகரக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது தலை தொங்கிப்போனது. கழுவி விட்டாள். மறுநாள் காலையிலும் பிள்ளை கிழக்கே பார்த்து உட்கார்ந்தது. தாய் பயந்துபோய் ஓதிப் பார்த்தாள், மூன்றாம் நாள் தானாகச் சரியாகிவிட்டது. பரீத் பிள்ளையின் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டபடி, "இனிமே அசையாத பூவா வரைங்க" என்று மட்டும் சொன்னான்.

கண் விஷயத்தில் மட்டும் நுஸைபா கறார். உயிருள்ளதின் உருவம் வரைவது கூடுமா கூடாதா என்று தெருவில் இரண்டு கட்சி இருந்தது, பரீத்துக்கும் உள்ளூர உறுத்தல்தான். "நான் உருவமா வரையுறேன்? மீசையும் கோடும் போடுறேன். கண்ணு அல்லா குடுத்தது அப்படியேதான இருக்கு. அதுல நான் கை வைக்கிறதில்ல" என்றாள் அவள். அந்தப் பதிலில் பரீத்தின் மனம் அமைதியானது, அவளுக்கும் அது சட்டமாகிவிட்டது. கண்ணைச் சுற்றி எத்தனை நிறம் வேண்டுமானாலும் பூசுவாள், இமைமேல் பிரஷ் படாது. மூடிய இமையில் கண் வரைந்து வீடியோ எடுக்கும் மோகம் காலேஜ் பையன்களிடம் வந்தபோது, வாசல்வரை வந்தவர்களை டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

பிள்ளைகள் அனுபவிப்பதைப் பெரியவர்கள் எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஜவுளிக்கடை ஆண்டு விழா, கிரிக்கெட் சீசன், பொருட்காட்சி என்று மீசை வைத்தவர்களும் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும் என்று பேர் எடுத்த சுருளி என்கிற நகைக்கடைச் சிப்பந்தி, சிங்கம் போட்டுக் கழுவிவிட்டு உசிலம்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனான். பெண் வீட்டார் அன்றைக்கே சம்மதித்தார்கள், நாலாம் நாள் போன் பண்ணி இது அதே மாப்பிள்ளைதானா என்று விசாரித்தார்கள். ஜோக்கர் முகம் போட்ட ஒருவர் தன் மாமனார் சாவுக்குப் போய், பாடை தூக்கும்வரை சிரித்தார். அதிலிருந்து பெரியவர்கள் வந்தால், "இந்த வாரம் வீட்ல நல்லது கெட்டது ஏதும் இருக்காண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் நுஸைபா ஸ்பாஞ்சை நனைப்பாள்.

ஒச்சம்மாள் அவளைப் பார்த்தது திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். பேரையூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாத்திரம் கழுவவும் மண்டபம் கூட்டவும் வந்திருந்த பெண்களில் அவளும் ஒருத்தி. மேடைக்குப் பக்கத்தில் நுஸைபா பிள்ளைகளுக்கு வரைந்துகொண்டிருந்தாள். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு ஒச்சம்மாள் வெகுநேரம் நின்றாள். ஒரு பெண் குழந்தை முயலாகி, சாம்பார் வாளியில் கிடந்த கேரட்டை மட்டும் பொறுக்கித் தின்பதையும் பார்த்தாள். கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்தாள். "பாயம்மா, மனுச மொகம் வரைவீகளா?"

"யாரு மொகம்க்கா?"

"எம்புள்ள மொகம்."

அந்தப் பிள்ளையின் பெயர் இம்மானுவேல். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு பைக்கில் போய்வந்துகொண்டிருந்தான். ஒருநாள் காலையில் வண்டியை உதைத்தபடி, "போறேம்மா" என்றான். போறேன் என்று சொல்லிக்கொண்டு வாசல் தாண்டுகிறவர்களை ஒச்சம்மாள் விடமாட்டாள், பெற்ற பிள்ளையைச் சும்மா விடுவாளா? அடுப்படியிலிருந்தே, "வாரேன்னு சொல்லுடா" என்று சத்தம் போட்டாள். அவன் கொஞ்ச தூரம் போனவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, "வாரேன், போதுமா?" என்று சொல்லிவிட்டுப் போனான். நாலுவழிச் சாலையில் நின்றிருந்த லாரியின் பின்பக்கம் அவனுக்காகக் காத்திருந்தது.

அரசு ஆஸ்பத்திரிப் பிணவறைக்குள் போய் இது என் மகன்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டது அவன் அப்பா சின்னக்கருப்பன். வெளியே வந்தவர் முகத்தைத் திறக்கவேண்டாம் என்று மட்டும் சொன்னார். பிள்ளை வெள்ளைத்துணிச் சுருணையாகத்தான் வீட்டுக்கு வந்தான். துணியை விலக்கப் போன ஒச்சம்மாளின் கைகளை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கங்களில் குழிக்குள் இறக்குமுன் துணியை விலக்கி, "மொகம் பாக்குறவுக பாத்துக்கங்க" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அன்று சுடுகாட்டில் அந்தக் குரலைக் கொடுக்கவில்லை என்று ஆம்பளைகள் திரும்பி வந்து பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. ஒரு பிள்ளையை வயிற்றில் சுமந்தவள் அதன் கடைசி முகத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. உடம்பு ஒரு வேலை செய்யும், மனசு அந்த வெள்ளைத்துணியின் முடிச்சிலேயே நிற்கும்.

முப்பதாம் நாளுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் வழக்கப்படி கோட்டு மாட்டிவிட்டு, முகத்தை வெளுத்தும் விட்டான். "இது யாரு வீட்டுப் பையன்?" என்று ஒச்சம்மாள் கேட்டாள். மிச்சம் இருந்தது அவனுடைய போன். பைக் நொறுங்கியதில் அதற்கு ஒரு மூலை மட்டும்தான் விரிசல். அவன் முகத்தைக் காட்டினால்தான் அது திறக்கும், பூட்டு நம்பர் என்னவென்று யாருக்கும் தெரியாது. கடைகளில் கேட்டால் எல்லாவற்றையும் அழித்துத்தான் திறக்கமுடியும் என்றார்கள். உள்ளே அவன் படம் எம்புட்டோ இருக்கும் என்று அவன் சேக்காளிகள் சொன்னார்கள். அவள் அந்தப் போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டாள், விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற கணக்காக.

அடுத்த வாரம் புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறி காஜிமார் தெருவுக்கு வந்தார்கள். ஒரு மஞ்சப்பையில் சுருட்டிய ஃப்ளெக்ஸும் கைக்குட்டையில் பொதிந்த போனும் இருந்தன. "இவுக மொகத்துல வரைங்க தாயி. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே எலும்பு" என்றாள் ஒச்சம்மாள். சின்னக்கருப்பன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டார். அவருக்கு இதில் நம்பிக்கையும் இல்லை, மறுப்பும் இல்லை. பெண்டாட்டி சாப்பிட்டு நாளாகிவிட்டது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் சிக்கல் நிறத்தில் வந்தது. டப்பாவில் தோல் நிறம் என்று பெயர் போட்டு ஒன்று இருந்தது, அது மூடியில் இருந்த வெள்ளைக்காரக் குழந்தையின் தோல். நுஸைபா சிவப்பையும் மஞ்சளையும் குழைத்து, கறுப்பு சேர்த்து, துளி நீலம் தொட்டு அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "இன்னும் கறுப்பு தாயி" என்றாள் ஒச்சம்மாள். மறுபடி குழைத்தாள். "இன்னும். எம்புள்ள நல்ல கறுப்பு. வெயில்ல நின்னா நாவப்பழம் கெணக்கா மின்னுவான்." அந்தக் கறுப்பு ஒருவழியாகக் கிண்ணத்தில் வந்தபோது ஒச்சம்மாள் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். பிறகு அவளே புருஷனின் முகத்தில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தாள். இங்கே ஒரு மச்சம். இந்தப் புருவம் கொஞ்சம் ஏறி நிற்கும். மூன்றாங் கிளாஸ் படிக்கையில் கம்மாய்க்கரைப் பனையில் மோதி வாங்கிய தழும்பு இங்கே. சிரிக்காதபோதும் உதட்டின் இந்த ஓரம் சிரிக்கும். நுஸைபா வரைந்து தீர்த்தபோது எல்லாம் பொருந்தியிருந்தது, ஆனாலும் நாற்காலியில் இருந்தது வேஷம் போட்ட சின்னக்கருப்பன்தான். போனை முகத்துக்கு நேரே பிடித்தார்கள். பூட்டுப் படம் ஒருமுறை குலுங்கிவிட்டு அப்படியே நின்றது. மறுபடியும் குலுங்கியது.

ஏன் என்று மூன்று பேருக்கும் தெரியும். அந்த முகத்துக்குள்ளிருந்து பார்த்தவை ஐம்பது வயதுக் கண்கள், வெயிலிலும் அழுகையிலும் பழுத்துப்போன கண்கள். "கண்ணு தெறங்க தாயி" என்றாள் ஒச்சம்மாள். அவள் ஊரில் அய்யனாருக்குக் குதிரை செய்கிற வேளார், எல்லாம் முடித்துக் கடைசியில்தான் கண் திறப்பார், அதுவரைக்கும் அது மண். "கண்ணு தெறக்காம உசுரு எப்புடி வரும்?"

"நாங்க கண்ணு மட்டும் வரையக் கூடாதுக்கா. எங்களுக்கு அது குத்தம்."

"குத்தம்னா எம்மேல எழுதிக்கிறச் சொல்லு ஒங்க சாமிய."

மூலையில் ஆயிஷா சித்திகா குப்புறப் படுத்துப் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள், காலை ஆட்டிக்கொண்டு, நாக்கை வெளியே துருத்திக்கொண்டு. நுஸைபா அவள் முகத்தைப் பார்த்தாள். ஒருநாள் இந்த முகத்தைப் பார்க்கவிடாமல் என் கையை நாலு பேர் பிடித்துக்கொண்டால் என்று நினைத்துப் பார்த்தாள். பொறுத்தருளச் சொல்லி முணுமுணுத்தபடி மெல்லிய பிரஷை எடுத்தாள். சின்னக்கருப்பன் தானாகவே கண்களை மூடிக்கொண்டார். இடது இமையில் ஒன்று, வலது இமையில் ஒன்று, கருமணியில் ஊசிமுனை அளவு வெள்ளை. பிரஷை எடுத்ததும் அந்தக் கண்கள் ஒருமுறை இமைத்தன, பிறகு ஒச்சம்மாளைப் பார்த்தன. அவள் மடியில் கிடந்த போன் தானாகத் திறந்துகொண்டு, நாலைந்து மாதத்துச் செய்திகளை டிங்கு டிங்கென்று கொட்டியது. அதை யாரும் பார்க்கவில்லை. "சாப்டியாய்யா?" என்று ஒச்சம்மாள் கேட்டாள், இம்மானுவேல் எப்போதும்போல, "ம்" என்றான்.

நுஸைபா ஒரு சோப்பைக் கையில் கொடுத்து, தோலுக்குக் காற்று வேண்டும், ராத்திரிக்குள் கழுவிவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவர்கள் கழுவவில்லை. பஸ்ஸில் வரும்போதே ஒச்சம்மாள், "இந்தா கழுவிப்புடலாம், இன்னுங் கொஞ்ச நேரம்" என்றாள். ஊர் வந்ததும், "விடிஞ்சு கழுவலாம்" என்றாள். விடிந்ததும் அவள் வாயைத் திறக்குமுன் சின்னக்கருப்பன், "இருக்கட்டும் புள்ள" என்றார். கண்ணைத் திறக்காதவரை அந்த முகம் கலையாது என்பது அவருக்கு எப்படியோ பிடிபட்டிருந்தது. வேர்வைக்கும் மழைக்கும் அது கலையவில்லை, அக்னி நட்சத்திரத்துக்குக்கூட அசையவில்லை. அவர் கண்ணைத் திறக்கவும் இல்லை.

அப்படியே மூன்று வருஷம் போனது. ஊர் முதல் வாரம் அதிசயமாகப் பார்த்தது, இரண்டாவது வாரம் பழகிவிட்டது. சேக்காளிகள் வந்து இம்மானுவேலோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தார்கள். ரேஷன் கடையில் கைரேகை சின்னக்கருப்பனுடையதாகவும் முகம் மகனுடையதாகவும் இருந்ததில் விற்பனையாளருக்கு ஒரு மாதம் குழப்பம், பிறகு பருப்பு குறைந்ததுதான் பெரிய பிரச்சனையாகிவிட்டது. வரைந்த கண்கள் அம்மாவைப் பார்த்தன, போனைப் பார்த்தன, பாதையைப் பார்க்கவில்லை. ஆகவே எங்கே போனாலும் ஒச்சம்மாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மானாவாரிப் பருத்திக்காடு குத்தகைக்குப் போனது, ஆடுகளை மேய்க்க ஆள் வைத்தார்கள். மகன் திரும்பி வந்தவன் பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. உயிரோடு இருந்தபோது பேசிய அளவுதான் பேசினான், குழம்பில் உப்பு இல்லை என்றான், போனை நோண்டினான், எது கேட்டாலும் "ம்" என்றான். ஒச்சம்மாளுக்கு அது போதும். அவள் உடம்பு தேறியது.

போனுக்குள் இருந்த படங்களையும் பார்த்தார்கள். அவன் தன்னை எடுத்துக்கொண்ட படம் நிறைய இருந்தது. ஒன்றில் நாய்க் காதும் தொங்கும் நாக்கும், இன்னொன்றில் பூனை மீசை, மற்றதிலெல்லாம் போனே பவுடர் பூசி வெளுக்கவைத்த கன்னம். அவன் முகம் அவன் முகமாக இருந்த படம் ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷமும் அந்தக் கறுப்பைப் பிள்ளை எங்கே ஒளித்துவைத்திருந்தான் என்று அவள் அன்றைக்கு அழுதாள். ஆக, அந்த முகம் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அவள் புருஷனின் தோல்தான்.

புருஷனைக் காணோம் என்பது அவளுக்கு ஒரு கருவாட்டுக் குழம்பில்தான் தெரிந்தது. சின்னக்கருப்பனுக்குக் கருவாடு என்றால் உயிர், மகனுக்கு அந்த வாடையே ஆகாது. அவள் அந்த வீட்டில் கருவாடு வைத்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அன்று ஏதோ நினைப்பில் வைத்துவிட்டாள். இம்மானுவேல் தட்டைத் தள்ளினான். தள்ளிய கை மட்டும் தட்டின் விளிம்பை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தது. ஒச்சம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். நரம்பு புடைத்து, நகம் வளர்ந்து, மெலிந்துபோயிருந்த கிழவனின் கை. இந்த ஆள் பேசி எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. தான் கூப்பிடவும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவள் அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "ஏய்யா, நீங்க இருக்கீகளா?" என்று கேட்டாள்.

"இருக்கேன்" என்றது சின்னக்கருப்பனின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"கண்ண மூடியே இருக்கீகளே, உள்ள என்னய்யா தெரியிது? இருட்டாவா இருக்கு?"

மகனின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இருட்டா இருந்தாப் பரவால்ல புள்ள. அன்னைக்கு ஆஸ்பத்திரியில துணிய வெலக்கிக் காட்டுனாகள்ல, அதான் தெரியிது. கண்ணு தொறந்திருந்தா ஆடு தெரியும், மரந்தெரியும், நீ தெரிவ, கொஞ்சம் மறந்திருக்கலாம். மூடுனா அது மட்டுந்தேன்."

"மூணு வருசமாவா?"

"நீ நல்ல மொகமாப் பாத்துக்கிட்டு இருந்தியே. அது போதும்னு இருந்துட்டேன்."

ஒச்சம்மாள் அன்று போட்ட ஒப்பாரி மகன் செத்த அன்று போட்டதைவிடப் பெரிது என்று பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு இன்றைக்கும் சொல்கிறாள். ஒரே முகத்தின் வெளிப்பக்கத்தை அவள் பார்த்துக்கொண்டிருக்க, அதன் உள்பக்கத்தில் அந்த மனிதன் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவன் எப்படி இருந்தான் என்று கேட்க அவளுக்கு நா எழும்பியது, கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார். இரண்டு நாள் அவள் அடுப்புப் பற்றவைக்காமல் மகனின் முகத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து காஜிமார் தெருவுக்குப் போன் போட்டாள். "பாயம்மா, கழுவணும். போட்டவுக நீங்களும் கூட இருங்க."

நுஸைபா பரீத்தையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இந்த மூன்று வருஷத்தில் அவள் யாருக்கும் இமை ஓரத்தில்கூட வரையவில்லை, ஒவ்வொரு தொழுகையிலும் அந்த இரண்டு கண்களுக்காக மன்னிப்புக் கேட்டிருந்தாள். வாசலில் நாற்காலி போட்டு, சின்னக்கருப்பனை உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் செம்பு, சோப்பு, துண்டு. நுஸைபா செம்பை எடுக்கப் போனாள். ஒச்சம்மாள் தடுத்துவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பினாள். சுடுகாட்டில் ஆம்பளைகள் கொடுக்கவேண்டிய குரலை அவள் கொடுத்தாள்.

"மொகம் பாக்குறவுக பாத்துக்கங்க."

ஊர் வந்தது. சுடுகாட்டுக்கு வராத பெண்கள் எல்லோரும் வரிசையாக வந்து பார்த்தார்கள். சிலர் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார்கள். அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்ட நாலு பேரும் வந்தார்கள், அவர்களால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எல்லோரும் பார்த்த பிறகு ஒச்சம்மாள் பார்த்தாள். மச்சம், ஏறிய புருவம், தழும்பு, உதட்டோரச் சிரிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு அவள் செம்பைச் சாய்த்தாள். முதலில் நெற்றி, பிறகு கன்னம், பிறகு வாய். நாவல்பழக் கறுப்பு அவள் முழங்கையில் வழிந்து முந்தானையில் இறங்கியது. கண்களுக்கு வந்தபோது கை நின்றது. நுஸைபா பின்னாலிருந்து அவள் முதுகில் கை வைத்தாள். இரண்டு இமைகளையும் ஒச்சம்மாள் கட்டைவிரல்களால் மெதுவாகத் துடைத்தாள்.

சின்னக்கருப்பன் கண்ணைத் திறந்தார். வெளிச்சம் கூசி, நீர் கொட்டி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் தெரிந்தது. எதிரில் நின்றவளை அடையாளம் தெரியாததுபோலப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, தல இம்புட்டு நரச்சுப்போச்சு" என்றார்.

சாயம் போனாலும் ஆள் போக இரண்டு மூன்று நாள் ஆகும் என்பது முன்பே சொன்னதுதான். அந்த நாட்களில் அப்பாவின் முகத்தோடும் அப்பாவின் திறந்த கண்களோடும் இம்மானுவேல் வீட்டில் நடமாடினான். ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டான், பைக் நின்றிருந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான், அம்மா ஊட்டியதை மறுக்காமல் தின்றான். மூன்றாம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினான். ஒச்சம்மாள் அடுப்படியில் இருந்தாள்.

"போறேம்மா" என்று குரல் வந்தது.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சொல்லவேண்டியது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அதைக் கடித்து விழுங்கினாள்.

"சரிய்யா" என்றாள்.

தெருமுக்குவரை போன ஆள் திரும்பி வந்தபோது அது சின்னக்கருப்பன். "கருவாடு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

நுஸைபா இப்போதும் புலியும் முயலும் வரைகிறாள், கண் வரைவதில்லை. இம்மானுவேலின் போன் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. சின்னக்கருப்பன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினால் திறக்கிறது, திறந்த கண்ணைக் காட்டினால் திறப்பதில்லை. அப்படி நடக்கவே நடக்காது என்று திருமங்கலம் மொபைல் கடைக்காரர்கள் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு ரீசார்ஜ் பண்ணிக் கொடுக்கிறார்கள். கண்ணை மூடும்போது உள்ளே இப்போதும் அது தெரிகிறதா என்று ஒச்சம்மாள் ஒருமுறை கேட்டாள். தெரியிது, ஆனா அதுக்குப் பக்கத்துல ஒன் நரச்ச தலையும் தெரியிது என்றார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் போனிலேயே கரண்ட் பில் கட்டவேண்டி வரும்போது, "இந்தாய்யா, கண்ண மூடுங்க" என்று அவள் போனை நீட்டுகிறாள். அவர் மூடுகிறார்.